அரசி அக்கா அனுப்பிய சொல்

தலையணைக்கு அடியில் செல்போன் ஒரு தரம் உறுமிவிட்டு அடங்கியது. வந்துவிட்டது. பார்க்காமலே ரோஷினிக்குத் தெரியும், இந்த வீட்டில் பால்காரருக்கும் முந்திக்கொண்டு வருவது அது ஒன்றுதான், அரசி அக்காவின் ‘இன்றைய மூன்று’: ஒரு சொல், ஒரு சரித்திரம், ஒரு பொது அறிவு, உச்சியில் ஒரு சூரியன் படம், அடியில் ‘அன்புடன் மங்கையர்க்கரசி’. பார்க்க வேண்டாம். மற்ற நாளெல்லாம் பார்த்துத் தொலைத்தது போதும், குழந்தைக்குப் பெயர் வைக்கிற இன்றைக்கு ஒரு காலையாவது பார்க்காமல் இருந்துவிட்டால் என்ன, உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. மடியில் குழந்தை இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சும் பாலும் ஒன்றாகிற அந்தச் சின்ன உறிஞ்சலோடு, கண்ணை மூடிக் கிடந்தது. நெற்றியில் எங்கிருந்து இத்தனை வேர்வை. காய்ச்சலோ. புறங்கையை வைத்துப் பார்த்தாள், பிறகு உள்ளங்கை, பிறகு சந்தேகம் தீராமல் உதட்டை வைத்துப் பார்த்தாள். இல்லை, பால் குடிக்கிற பிள்ளைக்கு வேர்க்கத்தான் செய்யும் என்று அம்மா புதுச்சேரியில் ஆயிரம் தரம் சொல்லியாகிவிட்டது. கீழே கூடத்தில் யாரோ பெஞ்சை இழுத்தார்கள். ‘தூக்கி வையிப்பா, டைல்ஸு’ என்றது மாமனாரின் குரல். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த பரிதி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனை எடுத்தான், அவன் போனை. கட்டிலில் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அதை எடுத்தான், படித்தான், சிரித்தான். ‘அண்ணி இன்னிக்கும் விடல பாரு’ என்றான். என்ன என்று அவள் கேட்கவில்லை. அவன் சட்டையை மாட்டிக்கொண்டே படியில் இறங்கிப் போனான், பாதிப் படியிலிருந்து ‘அண்ணி, சூப்பர்’ என்று கத்துவது கேட்டது.

அவளுக்கு ஒரு தடவையாவது சூப்பர் என்று சொல்லியிருக்கிறானா. சொல்லியிருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால், கடற்கரையில், பிரெஞ்சுக்காரர் யாரோ வழி கேட்டபோது அவள் மடமடவென்று அவர் மொழியிலேயே சொல்லி அனுப்பியதற்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றானே, அப்போது. மயிலாடுதுறையில் யார் வந்து பிரெஞ்சில் வழி கேட்கப்போகிறார்கள். இங்கே வேண்டியது எல்லாம் அரசி அக்காவிடம் இருக்கிறது. பரிதியின் அண்ணன் மனைவி, கீழ்வீட்டுக்காரி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பயிற்சி மையத்தில் அரசு வேலைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பொது அறிவு எடுக்கிறவள். கடைத்தெருவில் அவளோடு நடந்தால் மருந்துக் கடைப் பையன், புடவைக் கடைப் பெண், போக்குவரத்துப் போலீஸ்கூட ‘வணக்கம் மேடம்’ என்பார்கள், எல்லாரும் எப்போதோ அவள் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். காலையில் மையத்துக் கரும்பலகையில் எழுதப்போவதை முன்கூட்டியே தட்டி மாணவர்களுக்கு அனுப்புவாள், அப்படியே ஒரு விரல் தள்ளலில் குடும்பத்து குரூப்புக்கும் அனுப்பிவிடுவாள். ‘நம்ம வீடு’ என்று அந்தக் குரூப்புக்குப் பெயர். யார் வீடு. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று ஒரு நாள் வந்தது. ‘எங்க மேனேஜருக்கு ஒண்ணு கடன் தரச் சொல்லுங்க அண்ணி’ என்று பரிதி எழுதினான், சென்னைச் சித்தப்பா வயிறு குலுங்கச் சிரிக்கிற பொம்மையைப் போட்டார். ஆண் கடற்குதிரைதான் குட்டி போடும் என்று ஒரு நாள் வந்தது. ‘நான் மாட்டேன்பா’ என்று பெரியவர் மாமல்லன், அரசி அக்காவின் வீட்டுக்காரர், எழுதினார். ரோஷினிக்கு அந்த ஆக்டோபஸும் தெரியும், கடற்குதிரையும் தெரியும், ஆறாம் வகுப்பிலேயே தெரியும், பள்ளிக்கூடத்து வினாடி வினா அணிக்கு அவள்தான் தலைவி, கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிப்பிடித்த படம் அம்மா வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. ஆனால் தெரிந்ததெல்லாம் வேறு மொழியில் தெரிந்துவைத்திருக்கிறாள். இந்த வீட்டில் அது செல்லாத நோட்டு. அவள் தமிழில் தட்டுவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது, எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அதற்குக் கீழே பத்து பேர் கும்பிடு பொம்மை போட்டு முடித்துவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டாம் என்றால் வேண்டாம். குழந்தை ஒரு கையை விடுவித்து அவள் நைட்டியின் பொத்தானைப் பிடித்தது, பிடி என்றால் அப்படி ஒரு பிடி, இவ்வளவு சின்னக் கைக்குள் இவ்வளவு பலம் எங்கே வைத்திருக்கிறது. அதற்குள் எத்தனை எலும்பு. அதுவும் அந்த மகராசி அனுப்பியதுதான், பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய முந்நூறு எலும்பு, வளர்ந்தவர்களுக்கு இருநூற்று ஆறு. அதைப் படித்தபோது ரோஷினி அம்மா வீட்டில் இருந்தாள், குழந்தை பிறந்து இரண்டாவது வாரம். மீதி எங்கே போகும் என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும், பயாலஜியில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள், தெரிந்தும் பயம் நிற்கவில்லை. சேராமல் போனால். தப்பாகச் சேர்ந்துவிட்டால். அவள் தூக்குகிற தூக்கில் ஏதாவது ஒன்று நகர்ந்துவிட்டால். உச்சந்தலையில் அந்த மெத்தென்ற இடம், எலும்பு இன்னும் மூடாத இடம், அது மூச்சு மாதிரி ஏறி இறங்குவதைப் பார்க்கக் கூடாது என்று நினைப்பாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். அதே மாதிரிதான் இதுவும். பார்க்கக் கூடாது என்று தலையணையின் மேல் முழங்கையை அழுத்தி வைத்திருக்கிறாள், முழங்கைக்குக் கீழே அது சூடாகக் கிடக்கிறது, கண் தானாக அந்தப் பக்கம் போகிறது. யாரிடமும் சொல்ல முடியாத பயம் இது. அரசி அக்காவிடம் சொன்னால் உடனே ஒரு தகவல் சொல்லித் தேற்றுவாள், தேறியும் போய்விடும், அதுதான் பிடிக்கவில்லை.

எடுத்துவிட்டாள். எடுத்ததும் குழந்தை வாயை விட்டுவிட்டு முகத்தைச் சுளித்தது, திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி, அவள் ஒரு கையால் மறுபடியும் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் வெளிச்சத்தைக் குறைத்துப் படித்தாள். சொல்: மிழற்றுதல், குழந்தையைப் போலவும் கிளியைப் போலவும் மென்மையாகப் பேசுதல். சரித்திரம்: தரங்கம்பாடியில் டென்மார்க்குக்காரர்கள் கோட்டை எழுப்பிய ஆண்டு 1620. பொது அறிவு: பிறந்த குழந்தை முதல் சில வாரங்களுக்கு, சில சமயம் மூன்று மாதம் வரைக்கும், அழுதாலும் கண்ணீர் வராது. ரோஷினியின் நெஞ்சு அந்த மூன்றாவதில் போய் முள்ளில் துணி மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது. நேற்று. நேற்றைக்குத்தான். இவள் குளிக்கப் போயிருந்தாள், குழந்தை வீரிட்டது, சோப்பு நுரையோடு கதவைத் திறந்து கேட்டாள், அதற்குள் அரசி அக்கா மாடிக்கு வந்து தூக்கிவிட்டாள். ஈரத் தலையோடு இவள் ஓடிவந்தபோது குழந்தை அந்தத் தோளில் கிடக்கிறது, கன்னத்தில் ஒரு சொட்டு. ‘பாருடி, கண்ணுல தண்ணி வந்துடுச்சு உம் பொண்ணுக்கு’ என்றாள் அக்கா, சந்தோஷமாக, கட்டைவிரலால் அதைத் துடைத்தபடி. முதல் கண்ணீர். மூன்று மாதமாக வறண்ட அழுகை அழுதது எல்லாம் இவளிடம், முதல் சொட்டு அங்கே. துடைக்காமலாவது இருந்திருக்கலாம். துடைத்ததை இன்றைக்குப் பொது அறிவாக்கி ஊருக்கே அனுப்பியிருக்கிறாள், போக்குவரத்துப் போலீஸ் வரைக்கும் இந்நேரம் படித்திருப்பார். இது கண்ணீரைப் பற்றியது இல்லை, என் குழந்தையின் கண்ணீரைப் பற்றியது என்று அவர்களுக்கு யார் சொல்வது. பரிதி இதற்குத்தான் சிரித்தானா. இதற்கா சூப்பர்.

இப்படித்தான், எல்லாமே தன்னைச் சொல்வதாகத் தோன்றுகிறது. கல்யாணமாகி வந்த மறுநாள் காலை வந்த சொல் என்ன, கிரந்தம், ஜ ஷ ஸ ஹ, வடமொழி ஒலிகளை எழுதத் தமிழகத்தில் வழங்கிய எழுத்து. ரோஷினி என்ற பேருக்கு நட்டநடுவில் அந்த ஷ உட்கார்ந்திருக்கிறது. மாமல்லன், பரிதி என்று பிள்ளைகளுக்குப் பேர் வைத்த வீட்டுக்குள் ஒரு ஷ வந்துவிட்டது என்று சொல்கிறாளா, அல்லது பாடத்தில் அன்றைக்கு அதுதானா. கேட்க முடியுமா. கேட்டால் சிரிப்பாள். அரசி அக்காவின் சிரிப்பில் கெட்டது ஒன்றும் இருக்காது, அதைக் குற்றம் சொல்லக்கூட வழி வைக்காத சிரிப்பு. புதுச்சேரியில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஓர் அட்டை உண்டு. தமிழில் பேசி மாட்டிக்கொண்டால் சிஸ்டர் பெலிசித்தே அதைக் கழுத்தில் தொங்கவிடுவார், நூல் கழுத்தை அறுக்கும், கழற்ற ஒரே வழிதான், தமிழில் பேசுகிற இன்னொருத்தியை நாம் பிடித்துக் கொடுக்க வேண்டும், அப்புறம் அட்டை அவள் கழுத்துக்குப் போகும். அதனால் அட்டை மாட்டினவள் நாள் பூரா காதைத் தீட்டிக்கொண்டு திரிவாள், கழிப்பறை வாசலில், தண்ணீர்க் குழாயில், உயிர்த் தோழிக்குப் பின்னாலும். ரோஷினி நன்றாகப் பிடிப்பாள். மணி அடிப்பதற்குள் பிடித்துவிடுவாள். அந்தக் காது இன்னும் போகவில்லை. அரசி அக்காவின் ஒவ்வொரு மூன்றையும் அந்தக் காதோடுதான் படிக்கிறாள், எங்கே வழுக்குவாள், எங்கே. ஒரு நாள் வழுக்கினாள். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து பார்த்தால் தெரியும் என்று போட்டாள். ரோஷினிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது, எட்டு மாத வயிற்றோடு எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழிலேயே தட்டினாள், ‘அக்கா இது தவறு. நிலாவில் இருந்து தெரியாது’. அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். யாரும் ஒன்றும் போடவில்லை. மறுநாள் காலை சூரியனுக்குக் கீழே முதல் வரி: ‘நேற்றைய என் பிழையைத் திருத்திய தங்கை ரோஷினிக்கு நன்றி. கற்றுக்கொள்ள வயது ஏது.’ அவ்வளவுதான், பூவும் கைதட்டலும் கொட்டின, ‘பெரிய மனசு அரசி உனக்கு’ என்று சித்தப்பா எழுதினார். தப்பு செய்தவளுக்குக் கைதட்டல். பிடித்துக் கொடுத்தவள் கழுத்திலேயே அட்டை.

குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். ஏப்பம் வர மாட்டேன் என்றது. அரசி அக்கா தட்டினால் உடனே வரும். தட்டுவதும் சும்மா தட்ட மாட்டாள், மாநிலமும் தலைநகரமும் சொல்லிக்கொண்டே தட்டுவாள், தாலாட்டு மாதிரி இழுத்து, அசாமுக்குத் திஸ்பூரு, அருணாசலத்துக்கு இட்டாநகரு, மேகாலயாவுக்கு ஷில்லாங்கு, மிசோரமுக்கு அய்ஸாலு, அய்ஸாலில் குழந்தைக்குக் கண் சொருகிவிடும். ‘பாரு, வடகிழக்கு மாநிலம்னா எம் பிள்ளைங்களும் இப்படித்தான் தூங்கும் கிளாஸ்ல’ என்பாள். மாமியார் சிரிப்பார், பரிதி சிரிப்பான், அக்காவின் மகள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற சௌந்தரவல்லி, வீட்டில் எல்லாருக்கும் வல்லி, மாமியாருடைய அம்மாவின் பேரைச் சுமந்துகொண்டு திரிகிற அந்த ஒல்லிப் பெண், ‘எனக்கும் இதே பாட்டுத்தான் பாடியிருக்காங்க சித்தி’ என்பாள். ரோஷினியும் சிரிப்பாள், சிரிக்காமல் என்ன செய்வது. தனியாக இருக்கும்போது பிரெஞ்சில் ஒரு தாலாட்டு பாடிப் பார்த்தாள், கண்ணை அகல விரித்துக்கொண்டு குழந்தை அவளையே பார்த்தது, யார் நீ என்கிற மாதிரி. திஸ்பூரு என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். கண் சொருகியது. அன்றைக்குக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஓர் ஆளைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் வேண்டும். இது காரணமா. எந்த வக்கீலிடம் சொல்வது, என் ஓரகத்தி என் குழந்தையைத் தலைநகரங்கள் சொல்லித் தூங்கவைக்கிறாள் என்று.

ஏப்பம் வந்தது, ஒரு வாய்ப் பாலோடு, தோளில் வெதுவெதுவென்று வழிந்தது. வலது பக்கம் மாற்றினாள். இது முடிவதற்குள் பேரை முடிவு செய்தாக வேண்டும். நேற்றுச் சாப்பாட்டின்போது மாமனார் தீர்த்துச் சொல்லிவிட்டார். இந்த வீட்டில் வழக்கம் அதுதான், பேரை முதலில் குழந்தையின் காது கேட்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் மற்றவர் காது. காதில் சொல்வது அத்தைக்காரி, பரிதிக்கு அக்கா தங்கை கிடையாது, ஆகையால் பெரியம்மா. ‘பேரைப் பெத்தவ சொல்லட்டும். அரசி காதுல ஓதட்டும். நாம எல்லாம் அப்புறம் கேட்டுக்குவோம். இந்தக் குரூப்புல போட்டு ஏலம் விடறதெல்லாம் போதும்’ என்றார், ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துக்கொண்டே. ஏலம்தான். அவள் குழந்தையோடு இந்த வீட்டுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வந்த சொல் அது. ஆம்பல்: அல்லிப் பூ. பழந்தமிழர் கணக்கில் ஒரு பேரெண்ணுக்கும் இதே பெயர். அவ்வளவுதான் அரசி அக்கா போட்டது. அதற்குக் கீழே சித்தப்பா, ‘நம்ம பரிதி பொண்ணுக்கு இதையே வச்சிட்டா என்ன?’ உடனே இதயங்கள், சிவப்பு, மஞ்சள், பச்சை, பெரியவர் மாமல்லன் ஒன்று, மாமியாருக்காக வல்லி ஒன்று, பரிதி மூன்று. மூன்று இதயம், ஆக்டோபஸ் மாதிரி. குழந்தையைப் பெற்றவள் புதுச்சேரியில் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. அரசி அக்கா கடைசியில் ஒரே ஒரு கும்பிடு போட்டாள். ஜெயித்தவர்கள் மேடையில் போடுகிற கும்பிடு.

அந்தக் கும்பிட்டுக்காகத்தான் அவள் வேறு பேர் தேடினாள். மிஹிகா. இணையத்தில் நாலு நாள் துழாவி எடுத்த பேர். ‘நல்லாத்தான் இருக்கு, அர்த்தம் என்ன?’ என்றான் பரிதி. பனி என்றாள். ‘சித்திரையில பொறந்தவளுக்கா?’ என்றான். அவன் கேலி செய்யவில்லை, அவன் பேச்சே அப்படி, ஆனாலும் அன்றோடு அந்தப் பேர் கொஞ்சம் உருகிவிட்டது. இருக்கட்டும். உருகினாலும் அது அவளுடையது. அரசி அக்கா குனிந்து, அந்த மூக்குத்தி குழந்தையின் கன்னத்தில் உரச, தன் வாயால் மிஹிகா என்று சொல்ல வேண்டும், அந்த ஹ அவள் தொண்டையில் கொஞ்சம் தடுக்க வேண்டும். கீழே எல்லாரும் ‘ஓ’ என்று ஒரு நிமிஷம் முகம் தொங்கி நிற்க வேண்டும். சித்தப்பா சென்னையிலிருந்து வீடியோவில் பார்ப்பார், அவர் முகமும். இதை நினைத்து நினைத்து அவள் இந்த ஒரு வாரத்தைத் தள்ளியிருக்கிறாள், மிட்டாய் மாதிரி வாயில் அடக்கிவைத்திருக்கிறாள். முடிவு எடுத்தாகிவிட்டது, இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது. குழந்தை வலது பக்கத்தைப் பிடிக்காமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது, மூக்கால் தேடியது, கிடைக்காமல் சிணுங்கப் பார்த்தது. ‘இங்கதான்டி, இதோ, இதோ, ஆம்பல்’ என்றாள் ரோஷினி.

சொல்லிவிட்டாள். மறுபடியும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. குழந்தை பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் மேலே தூக்கி, பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தது. இது எப்போது ஆரம்பித்தது. இந்த வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியா, இல்லை, பொய், அம்மா வீட்டிலேயே ஒரு தடவை, அந்தச் சொல்லைத் திட்டுவதற்காகத்தான் வாய்விட்டுச் சொன்னாள், என்ன பேர் இது ஆம்பல் சோம்பல் என்று, சொன்னபோது குழந்தை அழுகையை நிறுத்தியது. தற்செயல்தான். அதற்கப்புறம் அழும்போதெல்லாம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாமே என்று. அப்புறம் அழாதபோதும். வாயை முழுக்கத் திறந்து ஆரம்பித்து, உதடு ஒன்று சேர்ந்து, நாக்கு மேலே போய் மெல்லத் தொட்டு நிற்கிற சொல், அதில் தடுக்குவது ஒன்றுமே இல்லை, அவள் இதுநாள்வரை படித்த எந்தத் தமிழ்ச் சொல்லும் அவள் வாயில் இப்படிப் பொருந்தியது இல்லை. இரவல் நகை. போட்டுக்கொண்டால் நமக்குத்தான் என்ன அழகாக இருக்கிறது, அதுதான் தாங்கவில்லை. குழந்தைக்கு மிஹிகா என்று சொல்லிப் பழக்க எவ்வளவோ பார்த்தாள். மிஹிகா என்பது வேறு யாரோ, பக்கத்து வீட்டுக் குழந்தை. இது ஆம்பல். இந்த வேர்வை, இந்தப் பொத்தானைப் பிடிக்கிற கை, ஏறி இறங்குகிற உச்சி, எல்லாமாகச் சேர்ந்து ஆம்பல். யார் கொடுத்தது. அவள் கொடுத்தது. ஆயுசுக்கும், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், கல்யாணப் பத்திரிகையில், தன் மகளை ஒவ்வொரு தரம் கூப்பிடும்போதும் அரசி அக்காவின் சொல்லால் கூப்பிட வேண்டும். ‘அழகான பேரு, யார் வச்சது?’ என்பார்கள். ‘எங்க பெரியம்மா’ என்று இவள் சொல்வாள், இந்தக் குட்டி, சிரித்துக்கொண்டு. முடியாது. மிஹிகாதான். கடவுளே, மிஹிகாதான்.

கதவு தட்டப்படவில்லை, திறந்தது. அரசி அக்கா ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பட்டுப்புடவையின் முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள், சாம்பிராணி வாசனை அவளுக்கு முன்னால் அறைக்குள் வந்தது.

“முடிச்சிட்டாளா?”

“இன்னும் கொஞ்சம்.”

“குடிக்கட்டும், குடிக்கட்டும். கீழ அத்தை தண்ணி விளாவி வச்சுட்டுக் குதிக்கிறாங்க, ஆறிப்போவுதாம். ஆறினா இன்னொரு சொம்பு ஊத்துனா ஆச்சு.” கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். குரலைத் தணித்தாள். “பேரைச் சொல்லிடு. நான்தானே காதுல சொல்லணும், எனக்கு மட்டும் தெரிஞ்சாத்தானே ஆவும்.”

மிட்டாய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ரோஷினி வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு. குரூப்புல எல்லாரும் கூத்தடிச்சாங்களே, அதுக்காக நீ அந்தப் பேரை வைக்கணும்னு கெடையாது. மாமாகிட்டயும் சொல்லிட்டேன். உம் பிள்ளை, உன் இஷ்டம். யாரும் மூஞ்சத் தூக்க மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்.”

இதோ, மறுபடியும் அந்தப் பெரிய மனசு. ஒரு வாரமாக அவள் தீட்டிவைத்திருந்ததைக் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டாள். கீழே யார் முகமும் தொங்கப்போவதில்லை. மிஹிகாவுக்கும் சேர்த்து அனுமதி கொடுத்துவிட்டாள், இனிமேல் மிஹிகா என்று வைத்தால் அதுவும் அரசி அக்கா விட்டுக்கொடுத்த பேர்தான். ரோஷினிக்குக் காது சூடானது, அந்தக் கோபத்தில் வாயிலிருந்து வந்தது மிஹிகா இல்லை.

“ஆம்பல்.”

தலையிலிருந்து துண்டை அவிழ்க்கப் போன கை அப்படியே நின்றது. அரசி அக்கா சிரிப்பாள் என்று அவள் நினைத்தாள். சிரிக்கவில்லை.

“வேணாம்னுதானே சொன்னேன்.”

“எனக்கு வேணும்.”

“மத்தவங்களுக்காக எல்லாம் நீ...”

“மத்தவங்களுக்காக இல்லக்கா. நான் அப்படித்தான் கூப்பிடறேன். கொஞ்ச நாளா. யாருக்கும் தெரியாது, அவருக்குக்கூட.”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தவிர பார்க்க ஒன்றும் இல்லை. “வேற ஏதாச்சும் யோசிச்சுப் பாரேன்” என்றாள். “மிஹிகான்னு ஏதோ வச்சிருந்தியாமே, பரிதி சொன்னான். நல்லாத்தானே இருக்கு அது.”

ஹ தடுக்கவில்லை. சுத்தமாக வந்தது. ஆனால் ரோஷினி அதைக் கவனித்தது அப்புறம்தான், முதலில் அவளுக்குப் பட்டது வேறு, இந்த மனுஷி மறுக்கிறாள், ஒன்றைத் தர மாட்டேன் என்கிறாள், இந்த வீட்டில் முதல் தடவையாக.

“ஏங்க்கா?”

“அது வல்லிக்கு வச்சிருந்தது.” அக்கா துண்டை அவிழ்த்து மடியில் போட்டு, அதன் ஓரத்து நூலை இழுத்தாள். “அவ வயித்துல இருக்கறப்பவே. கிளாஸ்ல அந்த எண்ணுப் பேரெல்லாம் எடுக்கறப்ப, எம் பொண்ணு பேரு இதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். பொண்ணுதான்னு எப்படித் தெரியும்னு கேக்காத, தெரியும். பேர் வைக்கிற அன்னிக்கு அத்தை அவங்க அம்மா பேருதான்னுட்டாங்க. என்னை யாரு கேட்டா அப்ப? தலையாட்டிட்டேன்.”

“அப்பறம் ஏன் குரூப்புல போட்டீங்க?”

“பேருக்கா போட்டேன்? அன்னிக்குப் பாடம் அது. பிள்ளைங்களுக்கு அனுப்பினேன், கை பழக்கத்துல இங்கயும் தள்ளிட்டேன். தெனம் தள்ளறதுதானே.” நூல் அறுந்து கையோடு வந்தது. “பாத்தா ஆளாளுக்கு ஹார்ட்டு விடறாங்க. எம் பொண்ணே ஒண்ணு விட்டா. அவளுக்கு என்ன தெரியும். நான் என்னன்னு சொல்றது, தராதீங்கன்னா? ஒரு கும்புடு போட்டுட்டு உள்ள போயிட்டேன்.”

ரோஷினி ஒரு வாரமாக மாடிப் படியில் நின்று கீழ்வீட்டைப் பார்த்துப் புகைந்துகொண்டிருந்தாள், கீழ்வீட்டிலிருந்தும் ஒருத்தி மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், சாம்பிராணிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, திஸ்பூர் சொல்லிக்கொண்டு. அந்தத் தோளில் குழந்தை தூங்கும்போது அவள் உள்ளுக்குள் என்ன பேர் சொல்லியிருப்பாள். இப்போது சரி என்று சொல்ல வேண்டும். சரிக்கா, மிஹிகாவே இருக்கட்டும், உங்களுடையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பெண் அப்படித்தான் சொல்வாள், சொன்னால் அவளும் ஒரு தடவை இந்த வீட்டில் பெரிய மனசுக்காரி ஆகலாம். சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள். வரவில்லை. மடியில் கனத்துக் கிடந்தது ஆம்பல், மிஹிகாவைத் தேடினால் எங்கேயும் இல்லை, இல்லாத குழந்தையை எப்படிக் கொடுப்பது. பயமாக இருந்தது. அக்காவைப் பார்த்து இல்லை, தன் கையே குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டதைப் பார்த்து.

“தர முடியாதுக்கா” என்றாள்.

அரசி அக்கா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். வகுப்பில் பின்பெஞ்சிலிருந்து எதிர்பாராமல் பதில் வந்தால் அப்படிப் பார்ப்பாள் போலிருக்கிறது. மூக்கால் சின்னதாகச் சிரித்தாள், சிரிப்பென்றும் சொல்ல முடியாது.

“பிடாரிதான் நீ. சீனப் பெருஞ்சுவர்லயே பாத்தேன்.”

கீழேயிருந்து மாமியார் “அரசி, தண்ணி” என்றார். “வரேன் அத்தை” என்றாள் அக்கா, எழவில்லை. குழந்தை தானாக வாயை விட்டது, வயிறு நிறைந்து, உதட்டோரம் வெள்ளையாக ஒரு கோடு. ரோஷினி துடைத்தாள். நைட்டியை இழுத்து மூடினாள். இந்தப் பேரை அக்கா தன் மகளின் காதில் சொல்ல நினைத்து, சொல்லாமலே விழுங்கியவள். கொஞ்ச நேரத்தில் குனிந்து இன்னொருத்தி மகளின் காதில் சொல்லப்போகிறாள், கூடம் நிறைய ஆள் பார்த்துக்கொண்டிருக்க. வேண்டாம், நானே சொல்கிறேன் என்று சொல்லிவிடலாமா. மாமனார் ஒத்துக்கொள்வார், பெற்றவளுக்கு இல்லாத உரிமையா. அந்த நினைப்பு இனித்தது. இனித்ததும் வெட்கமாக இருந்தது. ஒரு கையைத் தலைக்கு அடியில் கொடுத்து, அந்த மெத்தென்ற இடத்தில் விரல் படாமல், குழந்தையைத் தூக்கி நீட்டினாள். அரசி அக்கா வாங்கிக்கொண்டாள்.

“மெதுவா சொல்லுங்கக்கா” என்றாள் ரோஷினி. “மாமா நேரமாச்சு நேரமாச்சும்பாரு. நீங்க அவசரப்படாதீங்க.”

அக்கா குழந்தையின் காதை மூடியிருந்த துணியை விலக்கி, அந்தக் காதைப் பார்த்தாள், மடிப்பு மடிப்பாக, இன்னும் முழுக்க விரியாத காது. எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டாள்.

“அக்கா.”

“என்ன?”

“எனக்கும் கேக்கணும்.”

அரசி அக்கா திரும்பவில்லை. குழந்தையை இடது தோளுக்கு மாற்றினாள், வலது கையால் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“அப்ப வா. பக்கத்துல வந்து நில்லு.”